சென்னைப் பழைய சர்ச் சுற்றுலா: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெயிலில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டாமல் ஒரே நாளில் பழைய தேவாலயங்களைப் பார்த்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றால் மோசமில்லை. ஏன் இத்தனை சபை, யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள், நான் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருகிற இடம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேள்வி வைத்துக்கொண்டு போனால் பாதிதான் கிடைக்கும். நான் இந்த இரண்டாவது ரகம்.

நடத்துகிறவர்கள் சின்னக் குழு, பெயரைப் போட்டு பிழைப்பைக் கெடுக்க விருப்பமில்லை. ஒருவருக்கு 1,800 ரூபாய். ஏசி வேன், தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாடு, ஒரு கைடு. எழும்பூரில் ஏற்றி மாலை பரங்கிமலையில் முடிக்கிறார்கள். ஏசி பின் சீட்டுக்கு வரவே இல்லை, அது கிடக்கட்டும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏன் இப்படி நோண்டுகிறேன் என்று புரியாது. எனக்கு நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அதற்கு முன் எஸ்.பி.ஜி. மிஷன், அதாவது ஆங்கிலிக்கன், இங்கிலாந்து திருச்சபை வழி. பாமாலை, அசனப் பண்டிகை, ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்பது என்று வளர்ந்தவள். கல்லூரி விடுதியில் இருந்தபோது தோழி ஒருத்தி பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைதட்டிப் பாடி, உபவாசம் இருந்து, மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கலாமா என்று அப்பாவோடு சண்டை போட்டதெல்லாம் உண்டு, கடைசியில் எடுக்கவில்லை. கட்டிக்கொண்டது தூத்துக்குடிக் கடற்கரையில், தலைமுறை தலைமுறையாக ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். மாமியார் பனிமய மாதா திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் ஊருக்குப் போய்விடுவார். அவருக்கும் எனக்கும் சபை விஷயத்தில் எப்போதும் ஒரு செல்லச் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும். "நாங்க ஞானஸ்நானம் வாங்கினப்ப உங்க வெள்ளக்காரன் சபையே பொறந்து நடக்கலையே" என்பார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எட்டாம் ஹென்றி போப்பை உதறிவிட்டு இங்கிலாந்து திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் போட்டது 1534-ல். மாமியார் ஊர்ப் பக்கத்து முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியர் கையில் ஞானஸ்நானம் பெற்றது அதை ஒட்டிய ஓரிரண்டு வருஷங்களில். 1542-ல் சவேரியார் இந்தியாவுக்கு வந்து இந்தக் கரைக்கு வரும்போதே அவர்கள் கிறிஸ்தவர்கள்.

ஆக மாமியாரையும் கூட்டிக்கொண்டு, தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இந்த வேனில் ஏறினேன்.

முதல் நிறுத்தம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம். ஆதார் அட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அது நல்ல காரியம், வாசலில் சோதனை உண்டு. கைடு ஜொலித்தது இங்கேதான். 1680-ல் பிரதிஷ்டை செய்தது, சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம், பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி மரமே இல்லாமல் வளைத்துக் கட்டிய கூரை, பின்னால் சென்னைக் கவர்னரான எலிஹு யேல் கல்யாணம், 1753-ல் ராபர்ட் கிளைவ் கல்யாணம், முற்றத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்கள் எப்படி அங்கே வந்தன என்பது வரை தங்குதடையில்லாமல் சொன்னார். கிளைவுக்கே கால் மணி நேரம் போயிற்று. ஆனால் உள்ளே ஷ்வார்ட்ஸுக்கு ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, அதைத் தாண்டி நடந்துவிட்டார்.

எனக்கு அந்த ஆலயத்திலேயே முக்கியமானது அதுதான். ஷ்வார்ட்ஸ் ஜெர்மானிய மிஷனரி, லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிச் சபைக்காரர். 1750-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர். பிறகு இங்கிலாந்தின் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தின் சம்பளத்தில் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தார். சரபோஜி மன்னருக்கு ஆசானைப் போல இருந்தார். 1798-ல் செத்தபோது அவருக்கு ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி சிலை வைக்கிறது. லுத்தரனுக்கு ஆங்கிலிக்கன் காசு, அதில் டேனிஷ் அரசரின் தொடக்கம், தமிழ்ச் சபை. இன்றைக்கு சி.எஸ்.ஐ.க்கும் லுத்தரனுக்கும் தனித்தனி பிஷப், தனித்தனி கல்லறைத் தோட்டம். அன்றைக்கு வேலி இவ்வளவு உயரம் இல்லை என்று அந்த ஒரு பளிங்கைக் காட்டியே சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்து கால்டுவெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், 1838-ல் சென்னையில் வந்து இறங்கும்போது அவர் லண்டன் மிஷன்காரர், அதில் பிஷப்பெல்லாம் கிடையாது. மூன்று வருஷத்தில் ஆங்கிலிக்கன் ஆகி எஸ்.பி.ஜி.யில் சேர்ந்து இடையன்குடிக்கு வருகிறார், பின்னால் அவரே பிஷப்பும் ஆகிறார். நான் ஜெபவீட்டுக்குப் போனதற்கு எங்கள் வீட்டில் அவ்வளவு ரகளை.

அடுத்தது அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் சர்ச். பாரிமுனை இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்ததும் காது திறந்துகொள்கிறது. 1772-ல் மறுபடி கட்டியது, மணிக்கூண்டில் ஆறு மணிகள், தரையெல்லாம் கல்லறைகள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் சென்னையிலிருந்துதான் வந்தது, அதை நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியார் இங்கேதான் அடக்கம். இது வரைக்கும் கைடு சரி. மாமியார் "இங்க பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பூசைக்கு ஆளே இல்லை, சென்னையில் ஆர்மீனியர் சபை அற்றுப்போய்விட்டது என்று கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "ஆளில்லாத கோயிலுக்கா இவ்வளவு சுத்தமா பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார்.

இங்கே கைடு ஒன்று சொன்னார், "இவங்களும் கத்தோலிக்க மாதிரிதான்". இல்லை. ஆர்மீனியத் திருச்சபை ரோமுக்குக் கீழ்ப்பட்டதும் இல்லை, லூத்தருக்குப் பின் வந்த புராட்டஸ்டன்டும் இல்லை. 451-ல் கல்சேதோன் சங்கம், அதாவது அந்த ஊரில் கூடிய ஆயர்கள் மாநாடு, கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பற்றி ஒரு தீர்மானம் போட்டது, அதை ஏற்காமல் நின்ற சபைகளில் ஒன்று ஆர்மீனியருடையது. எகிப்தின் காப்டிக், எத்தியோப்பியா, சிரியாவின் சபை, கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் எல்லாம் இதே கூட்டம். வேனில் ஒரு மலையாள அம்மா இருந்தார், ஆர்த்தடாக்ஸ்காரர், அவர்தான் "இவங்க எங்களுக்குச் சொந்தம்" என்று மெதுவாகத் திருத்தினார். கைடு சிரித்துவிட்டு மணியின் எடைக்குப் போய்விட்டார். லூத்தருக்கு ஆயிரம் வருஷம் முன்பே சபை பிரிந்திருந்தது என்பதைச் சொல்ல சென்னையில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, அதைக் கோட்டை விட்டார்கள்.

எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம், எல்லாரும் கிர்க் என்பார்களே, அது கண்ணுக்கு விருந்து. 1821-ல் திறந்தது. மண் இளக்கம் என்று கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அடித்தளம் போட்டிருக்கிறார் டி ஹாவிலண்ட் என்ற பொறியாளர். உள்ளே வட்டமான கூடம், பதினாறு தூண், நீலக் கூரையில் நட்சத்திரம். வேனில் எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள், நானும்தான். ஏன் கோட்டையில் ஒரு சர்ச் இருக்கும்போது ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று தேவைப்பட்டது என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. "அவங்க கம்யூனிட்டி வேற சார்" என்று முடித்துவிட்டார் கைடு. அவர்கள் பிரஸ்பிட்டேரியன், பிஷப் வேண்டாம் என்று வைத்தவர்கள், போதகரும் மூப்பர்களும் சேர்ந்து சபையை நடத்துவார்கள். இந்த பிஷப் வேண்டுமா வேண்டாமா சண்டையில் பதினேழாம் நூற்றாண்டில் அந்த ஊரில் ரத்தமே ஓடியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதே கிர்க் சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயத்துக்குள், ஒரு பிஷப்பின் கீழ் இருக்கிறது. எப்படி? அதற்குப் பதில் சொல்லும் இடம் அடுத்து வருகிறது, வேன் அங்கே நிற்கவில்லை.

அதற்கு முன் சாப்பாடு. சர்ச் சுற்றுலா, தவக்காலம், வெள்ளிக்கிழமை, சிக்கன் பிரியாணி. தவக்கால வெள்ளியில் கறி தொடாத மாமியார் பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மலையாள அம்மா நோன்பு ஐம்பது நாளும் முட்டைகூடத் தொடமாட்டாராம். முன் சீட்டில் இருந்த பெந்தெகொஸ்தே தம்பி மட்டும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லி சந்தோஷமாகச் சாப்பிட்டான், அவர்களுக்கு லெந்து என்கிற தவக்காலக் கணக்கே இல்லை. சபை வித்தியாசத்தை அன்றைக்கு ஒழுங்காக விளக்கியது அந்தப் பிரியாணிதான். அரை மணி கழித்து தயிர் சாதம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், அதனால் பெரிதாக்கவில்லை. ஆனால் பதிவு செய்யும்போதே கேட்டிருக்கலாமே.

இப்போது என் முக்கியமான வருத்தம். கதீட்ரல் சாலையில் வேன் போகும்போது "லெஃப்ட்ல பாருங்க, செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், 1815" என்று ஒலிபெருக்கியில் சொன்னார், வேன் போய்க்கொண்டே இருந்தது. நான் குரல் கொடுத்தேன், "கொஞ்சம் நிறுத்துங்க தம்பி." டைம் இல்லை மேடம்.

அந்த இடத்தில்தான் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, நாடு விடுதலை அடைந்து ஆறு வாரத்தில், தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிட்டேரியனும் காங்கிரகேஷனலும் ஏற்கெனவே 1908-ல் சேர்ந்து உண்டாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபை, இத்தனையும் அன்று ஒன்றாயின. பிஷப் உள்ள சபையும் பிஷப்பே கூடாது என்ற சபையும் ஒரே அமைப்பில் இணைந்தது அதுவரை உலகத்தில் எங்கும் நடக்கவில்லை. இதன் விதை 1919-ல் தரங்கம்பாடியில் விழுந்தது. அங்கே கூடிய 33 பேரில் பெரும்பாலும் இந்தியப் போதகர்கள், முன்னால் நின்றவர் அசரியா, எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஐரோப்பாக்காரன் சண்டையில் பிரிந்த பிரிவை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. எதில் இழுத்தது என்றால் பெரும்பாலும் பிஷப் விஷயத்தில்தான். பிஷப் கை வைக்காமல் பட்டம் பெற்ற போதகர் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா என்று ஆங்கிலிக்கன் தரப்பில் சிலருக்குச் சங்கடம். கடைசியில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்க வேண்டாம், அப்படியே ஏற்றுக்கொள்வோம், இனி வருபவர்களுக்கு பிஷப் கையால்தான் என்று முடித்தார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-லேயே போய்விட்டார். லுத்தரன் சபைகள் சேரவில்லை, பாப்டிஸ்டுகள் சேரவில்லை.

பிரிந்தவர்கள் கட்டிய கோயில்களுக்கு நாள் முழுக்க நேரம் ஒதுக்கியவர்கள், சேர்ந்த கதைக்கு ஒரு சிக்னல் நேரம்கூடக் கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் வேனில் பாதிப் பேர் சி.எஸ்.ஐ. என்றால் ஆங்கிலிக்கனின் புதுப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், கைடு உட்பட.

லஸ் சர்ச் பட்டியலில் இருந்தது, நெரிசல் என்று விட்டுவிட்டார்கள். 1516 என்று கல்வெட்டு உள்ள காட்டுக் கோயில் அது. அந்தக் காசைக் குறைத்தார்களா என்று கேட்காதீர்கள்.

சாந்தோம். இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இப்போது இருக்கும் கோபுரக் கட்டடம் 1896-ல் முடிந்தது, அதற்கு முன் போர்த்துக்கீசியர் கட்டியது இருந்தது, அதற்கும் முன்பே மார்க்கோ போலோ இங்கே இயேசுவின் சீடர் தோமாவுடையதாகச் சொல்லப்படும் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1545-ல் சவேரியார் இங்கே சில மாதம் தங்கி ஜெபித்துவிட்டுத்தான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். கைடு "தோமா கி.பி. 52-ல் வந்தார், 72-ல் குத்திக் கொல்லப்பட்டார், உடல் இங்கே இருக்கிறது" என்று தேதி ஒப்பிப்பது மாதிரி சொன்னார். மரபு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எலும்புகள் வெகு காலத்துக்கு முன்பே இன்றைய துருக்கியில் இருக்கும் எதெசாவுக்குப் போய், அங்கிருந்து கியோஸ் தீவு, 1258-ல் இத்தாலியின் ஓர்தோனாவுக்குப் போனதாக அதே மரபுதான் சொல்கிறது, இங்கே இருப்பது சிறு திருப்பண்டம், அதாவது அவருடையது என்று போற்றிக் காக்கும் ஒரு துண்டு. அதைச் சொன்னால் யாருடைய விசுவாசமும் கெட்டுவிடாது. தோமா வந்ததற்கு அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இல்லை. வரவே முடியாது என்று சொல்லவும் முடியாது, முசிறிக்கு ரோமக் கப்பல் வந்து போய்க்கொண்டிருந்த காலம். எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

கீழே கல்லறைச் சிற்றாலயத்தில் மாமியார் முழங்கால் போட்டுவிட்டார். புனிதரிடம் வேண்டுவது எங்கள் ஞாயிறு பள்ளியில் கிடையாது, ஜெபவீட்டில் கேட்கவே வேண்டாம், அது பாவம் என்றே சொல்வார்கள். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்ன ஆளின் பெயரில் இவ்வளவு பெரிய கோயிலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த ஆளை எனக்குப் பிடிக்கும், அவரிடம் வேண்டத் தோன்றவில்லை, ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை. பதினைந்து நிமிஷத்தில் விசில் அடித்துக் கூப்பிட்டார்கள். மாமியார் ஜெபமாலையில் ஐந்து பத்துமணிகூட முடிக்கவில்லை. யாத்திரிகர் வருகிற இடத்தில் விசில் என்ன வேண்டிக்கிடக்கிறது?

பரங்கிமலையில் வேன் மேல் வரை போகும். வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், படிக்கட்டு வழியில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் பதினான்கு நிலைகளும் இருக்கின்றன, ஜனங்கள் சிலுவைப்பாதை செய்துகொண்டு ஏறுகிறார்கள், நாங்கள் ஏசி வேனில் அவர்களைத் தாண்டிப் போகிறோம். மாமியார் சண்டை போட்டு இறங்கிக்கொண்டார், மலையாள அம்மாவும் நானும் கூட ஏறினோம். அந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலம் போட்டவரும் அவரே. காலையில் பார்த்த ஆர்மீனியரோடு இதை முடிச்சுப் போடக் கைடுக்குத் தோன்றவில்லை.

மேலே பலிபீடத்தில் இருக்கும் கல் சிலுவைதான் என்னைப் பொறுத்தவரை இந்த முழு நாளின் உச்சம். 1547-ல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்தது. ரத்தம் கசிந்த கதையைக் கைடு உருக்கமாகச் சொன்னார், சுற்றிலும் செதுக்கியிருக்கும் எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி என்று சொல்லவில்லை. போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் பாரசீகச் சபையோடு தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ரோமும் இல்லை, லண்டனும் இல்லை. மாமியாரிடம் சொன்னேன், "அத்தை, உங்களுக்கும் முந்தி ஆள் இருந்திருக்காங்க." "இருக்கட்டும், அவங்களும் நம்மாளுதானே" என்றார்.

இன்னும் இரண்டு குறை. இவர்கள் கணக்கில் சபைச் சரித்திரம் 1896-ல் நின்றுவிடுகிறது. பழைய கட்டடம் இல்லாததால் பெந்தெகொஸ்தேக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1920களில் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனுக்கு உலகத் தலைமையகமே நம்ம இரும்புலியூரில்தான் இருக்கிறது, வெள்ளை உடை, நகை கிடையாது, விசுவாச வீட்டில் ஊழியர்கள் கூட்டாக வாழ்கிறார்கள், அதில் பார்க்கவும் கேட்கவும் எவ்வளவோ உண்டு. இரண்டாவது, வேனில் ஒருவர் சாதியைப் பற்றிக் கேட்டார். "அதெல்லாம் இப்ப இல்லை சார்" என்று பேச்சை மாற்றினார்கள். 1833-ல் டேனியல் வில்சன் என்ற ஆங்கிலிக்கன் பிஷப் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபையே பிளந்தது, கோட்பாட்டுக்காகப் பிரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போதும் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்பது இரண்டாவது கேள்விதான், முதல் கேள்வி எது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கோட்டைக்கும் ஆர்மீனியன் சர்ச்சுக்கும் கிர்க்குக்கும் இவர்களோடு போகலாம், நேரமும் அலைச்சலும் மிச்சம். சாந்தோமுக்கும் மலைக்கும் தனியாக, அவசரமில்லாமல், முடிந்தால் பூசை நேரத்தில் போங்கள். கிர்க்கில் ஒரு ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு, புரசைவாக்கத்தில் லுத்தரன்களின் அடைக்கலநாதர் ஆலயத்தில் இன்னொரு ஞாயிறு உட்கார்ந்து பாருங்கள், கைடு சொல்லாதது தன்னால் விளங்கும். தவக்காலத்தில் போனால் கையில் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாள் கருத்துக் கேட்டுப் போன் செய்தார்கள், அது பாராட்ட வேண்டிய விஷயம். கதீட்ரலில் கட்டாயம் நிறுத்துங்கள் என்றேன். "அங்க பார்க்கிங் பிரச்சனை மேடம்" என்றார் அந்தப் பையன். அவ்வளவு பெரிய மரத்தடி வளாகத்தில் ஒரு வேன் நிறுத்த முடியாதென்றால் சென்னையில் வேறெங்கே நிறுத்துவார்களோ தெரியவில்லை.